நெய்ச்சோற்றுக்கு முன்னாலா, பின்னாலா?

மருந்துக்கடையில் விறைப்புக்கான மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்கிற ஆண்கள் குறைவு. கூட்டம் கரையட்டும் என்று ஓரமாக நின்று, இருமல் மருந்துப் பெட்டியில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார்கள். தேவையே இல்லாமல் ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்குவார்கள். அப்புறம்தான் குரல் இறங்கும்: “அண்ணே, அந்த மாத்திரைல எதுண்ணே பவர் ஜாஸ்தி?”

திருப்புல்லாணிப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். சேதுக்கரை, பெரியபட்டினம் கடலோரத்துத் தொழில்காரர்கள், லீவில் வந்திருக்கிற கீழக்கரைச் சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள்), ராமநாதபுரத்துக்குப் பஸ் பிடிக்கிற வாத்தியார்கள் என்று யார் வந்தாலும் இந்தப் பவர் கேள்விதான். நான் பதிலுக்கு டாக்டர் சீட்டைக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு நடையைக் கட்டுவார்கள். நின்றவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையில் கேட்கக் கூச்சப்படுகிறவர் போனில் படித்துக்கொள்ளட்டும்.

விறைப்புக் குறைபாட்டுக்கு டாக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் நான்கு மருந்துகளில் ஒன்று: சில்டெனாஃபில், டடலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், கீழே பொடி எழுத்தில் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கும். பவரில் இவற்றுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. சரியான அளவில், சரியான விதத்தில் போட்டால் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது நேரம். எப்போது வேலையைத் தொடங்கும், எத்தனை மணி நேரம் உடம்பில் நிற்கும், தின்ற சோறு குறுக்கே வருமா என்பதெல்லாம் மருந்துக்கு மருந்து மாறும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, “என் பொழப்புக்கு எது ஒத்துவரும்?” என்பது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, நெஞ்சு சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கும் வேலை செய்கிற விதம் ஒன்றே. ஆசை எழுந்ததும் நரம்பு நுனிகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அதனால் சிஜிஎம்பி என்றொரு பொருள் உண்டாகி, ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்த, ரத்தம் உள்ளே பாய்கிறது. இந்தச் சிஜிஎம்பியைச் சிதைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற நொதிக்கு பிடிஇ-5 என்று பெயர். மாத்திரை கட்டிப்போடுவது அந்த நொதியைத்தான். நம்மூர்க் கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறக்கிற வேலை மாத்திரைக்கு இல்லை, திறந்த மடை உடனே அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற வேலைதான். அதனால்தான் மாத்திரையைப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. “காசு வீண்ணே” என்று வந்து நிற்பவர்களில் கணிசமானவர்கள் இப்படிக் காத்திருந்தவர்கள்.

சில்டெனாஃபில்தான் மூத்தது. இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வுக்கூடத்தில் நெஞ்சுவலிக்காகத் தேடிய மருந்து அது. நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை. சோதனையில் இருந்த ஆண்கள் சொன்ன பக்கவிளைவுதான் கம்பெனியை நிமிர்ந்து பார்க்க வைத்தது. 1998 மார்ச்சில் அமெரிக்கா வயாக்ரா என்ற பெயரில் அனுமதித்தது. அதே வருஷம் நைட்ரிக் ஆக்சைடு பற்றிய கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்பதால், 2001 வாக்கிலேயே இந்தியக் கம்பெனிகள் சொந்தப் பெயர்களில் இதை இறக்கிவிட்டன. நம் கடைகளில் இது மலிவாகக் கிடைப்பதன் கதை இதுதான்.

இதன் குணம் இப்படி: போட்டு ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், நான்கைந்து மணி நேரம் நிற்கும். 25, 50, 100 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. வழக்கமாக 50-இல் தொடங்குவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் கல்லீரலோ கிட்னியோ மோசமாகப் பழுதானவர்களுக்கும் 25. நூறு போட்டால் இருமடங்கு பலன் என்பது கணக்குக்கு வராத கணக்கு. தலைவலிதான் நிச்சயமாகக் கூடும்.

ஆனால் சோறு இதற்கு எதிரி. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால், மருந்து ரத்தத்தில் ஏறுவது சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், ஏறுகிற உச்ச அளவும் கால்பங்குக்கு மேல் குறையும். இதைக் கீழக்கரைப் பக்கத்து மாப்பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு, இரண்டு மாச லீவில் நிக்காஹ்வும் முடித்திருப்பார். இரவுக்கு இரவு சொந்தக்காரர்கள் வீட்டு விருந்து. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, மேலே தொதல் இனிப்பு. ஒன்பதரைக்குக் கை கழுவி, பத்துக்கு மாத்திரை, பதினொன்றுக்கு ஏமாற்றம். மறுநாள் என்னிடம், “காக்கா (அண்ணே), இது டூப்ளிகேட்டா?” என்று கேட்பார். மாத்திரை அசல்தான். வெறும் வயிற்றில் போட வேண்டும், அல்லது லேசான சாப்பாடாக முடித்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். நோன்பு மாசத்தில் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்: திறந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போடாதீர்கள்.

அந்த மாப்பிள்ளைகளில் பலருக்கு மாத்திரையே தேவையிருக்காது என்பது என் அபிப்பிராயம். இருபத்தாறு வயது, காலையில் எழும்போது விறைப்பு சரியாக இருக்கிறது, தனியாக இருக்கும்போதும் சரியாக இருக்கிறது, அந்த அறைக்குள் மட்டும் இல்லை என்றால் பழுது குழாயில் இல்லை. லீவு முடியப்போகிற பதற்றம், முன்பின் பழகாத பெண், பக்கத்து அறையில் மொத்தக் குடும்பம். அப்படிப்பட்ட ஒருவரிடம், “தம்பி, முதல்ல அவங்களோட பேசிப் பழகுங்க, ரெண்டு நாள் ராமேஸ்வரமோ கொடைக்கானலோ கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னேன். மருந்து விற்கிறவன் வாயில் இது பொருந்தவில்லை போலும், அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

பக்கவிளைவுகளில் தலைவலி, முகம் சூடேறிச் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை நான்கு மருந்துக்கும் பொது. சில்டெனாஃபிலுக்கென்று தனியாக ஒன்று உண்டு. சிலருக்குச் சில மணி நேரம் பார்வையில் நீலச்சாயம் தெரியும். கண்ணில் இருக்கிற பிடிஇ-6 என்ற பங்காளி நொதியையும் அது கொஞ்சம் தொட்டுவிடுவதால் வருவது, தானாகப் போய்விடும். திடீரென்று ஒரு கண் பார்வை மங்கினாலோ காது அடைத்தாற்போல் கேட்காமல் போனாலோ அது வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்காவிட்டாலும் அப்படியே. வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் உறுப்பு நிரந்தரமாகக் கெடும்.

அடுத்து டடலாஃபில், 2003-இல் சியாலிஸ் என்ற பெயரில் அமெரிக்க அனுமதி பெற்றது. இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கிற மருந்து பாதியாகக் குறைய ஆகிற நேரம், பதினேழரை மணி, சில்டெனாஃபிலுக்கு நான்குதான். அதனால் ஒருமுறை போட்டால் 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். 36 மணி நேரமும் அப்படியேவா நிற்கும் என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்த நேரத்துக்குள் ஆசை வந்தால் உடம்பு ஒத்துழைக்கும், அவ்வளவுதான். நெய்ச்சோறு சாப்பிட்டாலும் கஞ்சி குடித்தாலும் இதற்கு ஒன்றே. தேவைப்படும்போது மட்டும் போடுவதென்றால் 10 மில்லிகிராமில் தொடங்கி 20 வரை. இல்லாவிட்டால் தினம் ஒரே நேரத்தில் இரண்டரையோ ஐந்தோ மில்லிகிராம்.

கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தினசரி முறை ஒத்துவருவதைப் பார்த்திருக்கிறேன். தொழில் நாள், கரை நாள் என்று வாரம் துண்டுதுண்டாகக் கிடக்கும். காற்று திரும்பினால் திட்டமெல்லாம் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் இரண்டு மாசம் வீட்டிலேயே இருப்பார்கள். ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் என்கிற கணக்கெல்லாம் இந்த வாழ்க்கைக்குள் உட்காராது. ஐந்து மில்லிகிராம் தினமும் போட்டால் நேரம் பார்க்கிற வேலையே இல்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போகிற பெரியவர்களுக்கு, ப்ராஸ்டேட் வீக்கத்துக்கென்றே இதே ஐந்து மில்லிகிராமை டாக்டர்கள் எழுதுவதும் உண்டு. ஒரு மாத்திரையில் இரண்டு காரியம்.

முதுகுவலி, தொடை சதை வலி இதற்கென்றே உள்ள தொந்தரவு. போட்ட பிறகு அரை நாள், ஒரு நாள் கழித்து வரும், இரண்டு நாளில் போய்விடும். வலை இழுக்கிறவருக்கு முதுகுவலி புதிதில்லை என்பதால் பழி வலைமேல் விழும், மாத்திரை தப்பித்துவிடும்.

இந்த நீண்ட நேரம்தான் டடலாஃபிலின் அருமை, ஆபத்தும் அதுதான். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை நம் பக்கம் பல சட்டைப் பைகளில் இருக்கிறது. ஐசோசார்பைடு டைநைட்ரேட், நைட்ரேட் வகை மருந்து. கடைவழக்கில் சார்பிட்ரேட். அதுவும் நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான் குழாயைத் தளர்த்துகிறது. இந்த நான்கில் எது உடம்பில் இருக்கும்போதும் அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். உயிர் போகலாம். சில்டெனாஃபிலோ வார்டெனாஃபிலோ போட்டிருந்தால் 24 மணி நேரமும், டடலாஃபில் போட்டிருந்தால் 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது. அவனாஃபிலுக்கு 12 மணி நேரம்.

இப்போது ஒரு படகை யோசித்துப் பாருங்கள். முந்தின ராத்திரி டடலாஃபில் போட்டவர் மறுநாள் கடலுக்குப் போகிறார். கரையிலிருந்து பல மைல் தள்ளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். பக்கத்திலிருக்கிற மச்சான் நல்ல மனசோடு தன் பையிலிருக்கிற மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைக்கிறார். போட்டவருக்கு முந்தின நாள் ஞாபகமே இருக்காது, ஞாபகம் இருந்தாலும் படகில் நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார். நைட்ரேட்டைத் தினசரி மருந்தாகச் சாப்பிடுகிறவர்களுக்கு, ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டோ நிகோரான்டிலோ சீட்டில் இருப்பவர்களுக்கு, இந்த நான்கில் எதுவுமே ஆகாது. இதில் சலுகை கிடையாது. மற்றவர்கள் விஷயத்தில், எதைப் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ்காரர் கேட்கும்போது வாயைத் திறக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டிய நெஞ்சுக் கேள்வி என்று சொன்னது இதைத்தான்.

இதே காரணத்தால்தான், “அவருக்குத் தெரியாம பால்ல கலந்து குடுத்துரலாமா தம்பி?” என்று கேட்ட ஒரு லாத்தாவை (அக்காவை) கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். கணவருடைய ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ச் சோதனை) சீட்டு என் கடை வழியாகத்தான் போயிருந்தது. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவரும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், எழுந்து நின்றால் கிறுகிறுக்கும். மாரடைப்போ பக்கவாதமோ வந்து சில மாசம்கூட ஆகாதவர்களுக்கு மாத்திரையைப் பற்றிய பேச்சே வேண்டாம். இரண்டு மாடி மூச்சிரைக்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிகிறதா என்பதை டாக்டர்கள் ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

மீதி இரண்டும் நம் பக்கம் அதிகம் ஓடுவதில்லை. வார்டெனாஃபில் கிட்டத்தட்ட சில்டெனாஃபிலின் தம்பி, அளவு மட்டும் 10, 20 என்று சின்னது. இதயத்துடிப்பு ஒழுங்குக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. அவனாஃபில் 2012-இல் வந்தது, 15 முதல் 30 நிமிஷத்தில் வேலை தொடங்கும், கண்ணைத் தொந்தரவு செய்வது குறைவு. விலைதான் ஆளை விரட்டும்.

‘டைமிங் மாத்திரை’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விறைப்பு வராதது வேறு, விந்து சீக்கிரம் வெளியேறுவது வேறு. இரண்டாவதற்கு டபாக்ஸெடின் என்று தனி மருந்து இருக்கிறது, அது மனச்சோர்வு மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகளைக் கேட்டு வாங்கி, இல்லாத நோய்க்கும் சேர்த்து மருந்து சாப்பிடுகிறார்கள். மயங்கி விழுந்து, பக்கத்தில் இருந்தவர்கள் கடைக்கு ஓடிவந்ததும் நடந்திருக்கிறது.

இன்னொரு குழப்பம் எங்கள் ஊருக்கே உரியது. பிள்ளைவரம் கேட்டு திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ தம்பதிகள் வருகிறார்கள். தசரதன் வேண்டிக்கொண்ட தலம் என்பது ஐதீகம், பாயசப் பிரசாதம் பிரசித்தம். சாமி கும்பிட்டுவிட்டு வருகிற கணவர்களில் சிலர் என் கடையில் ஏறி, “இதைப் போட்டா அணுக்கள் கூடுமா?” என்று கேட்பார்கள். கூடாது. விந்தணு எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர்களில் சிலருக்கு இது வேறு விதத்தில் உதவும். கருத்தரிப்பு மருத்துவமனையில் ‘இன்ன தேதி, இன்ன தேதி’ என்று குறித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தேதி வந்ததும் மனுஷன் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி உறைந்துபோவான். வெளியே சொல்லாமல் ‘கோளாறு மனைவிக்குத்தான்’ என்று பேர் ஓடிக்கொண்டிருக்கும். சிகிச்சை தருகிற டாக்டரிடம் இதைச் சொன்னால், அந்த நாட்களுக்கு மட்டும் மாத்திரை எழுதித் தருவார். சொல்லாததால் கழிந்த மாசங்களின் செலவை அந்தப் பெண்தான் ஊசியாகவும் பேச்சாகவும் தாங்குகிறாள்.

லேகியக்காரர்களை விட்டுவிட முடியாது. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் லாட்ஜ் வாசலிலும் அவர்கள் ஒட்டுகிற விளம்பரமே குற்றம். 1954-இல் போட்ட சட்டம் பாலியல் பலம் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சுவர் மட்டும் நிறைந்துகொண்டே இருக்கிறது. நம் கரையில் கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் இந்த ஆசையை வைத்தே ஒரு மவுசு. இரண்டையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்தார்கள். பிடித்தால் ஜெயில். கடல் அட்டை விறைப்பைத் தரும் என்பதற்கு நிரூபணம் எதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவின் அடியில் மண்ணைத் தின்று சுத்தம் செய்துகொண்டிருக்கிற ஜீவனை நம் பங்குக்கு அது பாட்டுக்கு விட்டுவிடலாம். லேகியம் சிலருக்கு உண்மையிலேயே வேலை செய்கிறதே என்றால், அதில் சில்டெனாஃபில் பொடி கலந்திருக்கலாம். மூலிகை என்று விற்ற சரக்கில் இப்படிக் கலப்படம் பிடிபட்டதாக அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்று தெரியாது, நெஞ்சு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் ‘நாட்டு மருந்துதானே’ என்று நம்பித் தின்பார்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வேடிக்கை. அறுபதைத் தாண்டிய அம்மாவின் சீட்டில் சில்டெனாஃபில் 20 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. மகன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, “டாக்டருக்குக் கிறுக்கா?” என்று கத்தினார். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடினால் இதே மருந்துதான். நீலம்பாரித்துப் பிறக்கிற பச்சைக் குழந்தைகளுக்குக்கூட மருத்துவமனையில் கொடுப்பதுண்டு. மருந்துக்கு மானம் அவமானம் தெரியாது என்று அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

சர்க்கரையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எங்கள் பக்கத்தில் நாற்பதைத் தாண்டி இந்த மாத்திரை கேட்கிறவரிடம் சுகர் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்கவில்லை என்பார், அல்லது மாத்திரையைப் பாதியில் விட்டிருப்பார். அந்த உறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலம், இதயத்துக்குப் போவது மூன்று நான்கு. அடைப்பு முதலில் சின்னதில்தான் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருஷம் முன்பே விறைப்பு குறைவது இதனால்தான். சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரையின் பலனும் மட்டு. 1999-இல் வெளியான ஒரு சோதனையில் 268 சர்க்கரை நோயாளிகளில் சில்டெனாஃபில் எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல காரியம். ஆனால் வாசலில் நின்று அதைக் கொடுக்கிற பெண்ணிடம், மனைவியும் மருமகளும் கேட்க, எந்த ஆண் இதைச் சொல்வான்? ஆண்கள் டாக்டரிடமே நேராகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில பிரஷர் மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கும், அட்டெனலால் மாதிரி. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மாற்றித் தருவார்கள். பீடியைத்தான் நீங்களே நிறுத்தலாம்.

ஒரு தடவை போட்டுப் பலன் இல்லை என்று கைவிடுகிறவர்கள் அதிகம். டாக்டர்கள் ஒரு மருந்தை அதன் முழு அளவில், சரியான விதத்தில், ஆறேழு தடவையாவது முயன்ற பிறகே தோற்றதாகக் கணக்கில் வைப்பார்கள். அப்புறம் இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். எதுவும் உதவாதவர்களுக்கு உறுப்பிலேயே போடுகிற அல்ப்ரோஸ்டாடில் ஊசி, காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைக்கிற பம்ப், கடைசியாக உள்ளே வைத்துத் தைக்கிற கருவி என்று வரிசையாக வழிகள் உண்டு. இதற்கெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் மதுரை யூராலஜிஸ்டுகளிடம் (சிறுநீர், ஆணுறுப்பு டாக்டர்களிடம்)தான் போகிறார்கள். அங்கே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், பதினொரு மணிக்குள் ரத்தம் கொடுத்தாக வேண்டும். விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள், இல்லையென்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.